மந்திரி நடைக்கு ஒரு மெட்டு

அக்காவின் பேரைச் சொல்லமாட்டேன். உயிரோடு இருந்தபோதே கண்டவன் வாயில் தன் பேர் விழுந்தால் அவளுக்குப் பிடிக்காது. போய்ச் சேர்ந்த பிறகு நான் சொல்லி வைத்து, கனவில் வந்து என்னைக் காய்ச்சி எடுப்பதற்கு நானே ஏன் வழி செய்யவேண்டும்? பெட்டிக்கார அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி என்றால் ஆர்மோனியம். நாடகக்காரர்கள் நாங்கள் அதை அப்படித்தான் சொல்வோம்.

எங்கள் முதலாளி கீழக்கரை மரைக்காயர் ஒருவர். கொழும்பில் கடை வைத்திருந்து, அதை மூடிவிட்டு வந்தவர். மற்றவர்கள் தைலமும் கைலியும் கொண்டுவந்தால், இந்த மனுஷர் கையால் சுற்றுகிற சினிமா மெஷின் ஒன்றையும், தகரப் பெட்டி தகரப் பெட்டியாகப் பேசாத படங்களின் சுருள்களையும் கொண்டுவந்து இறக்கினார். அங்கே ஏதோ தியேட்டரில் கழித்துப் போட்டதாம். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மதுரையிலும் ராமநாதபுரத்திலும் சினிமா பேசிப் பாடி ஆடிக்கொண்டிருந்த காலம். ஆனால் மாரியூருக்கும் அதைச் சுற்றிய கடலோரக் குப்பங்களுக்கும் கரண்டு ஏது? எங்கள் மெஷினைக் கையால் சுற்றுவோம், அதன் விளக்கு லாரி பாட்டரியில் எரியும். படம் ஊமையானால் என்ன, பேசுவதற்கு நான் இருந்தேன், வாசிப்பதற்கு அக்கா இருந்தாள்.

நான் அதற்கு முன்னால் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டினவன். திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்வது என் வேலை. உனக்குக் கதை தெரியுமா என்று கேட்காதீர்கள். நடுநடுவே ஏதோ எழுத்து வரும். ஹிந்தியோ, குஜராத்தியோ, யாருக்குத் தெரியும்? எங்களிடம் கிழியாமல் இருந்தது ஒரே படம்தான். அதில் ஒரு கிழட்டு ராஜா, அவரை ஏமாற்றும் மந்திரி, மந்திரி கட்டிவைத்து அடிக்கும் ஒரு வாலிபன். இவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தது. மிச்சத்தை நானே கட்டிவிட்டேன். நன்றாகத்தான் கட்டினேன்.

இருந்தாலும் ஜனம் நம்பியது என் பேச்சையா, அவள் பெட்டியையா என்றால், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், பெட்டியைத்தான். "இதோ வருகிறார் உத்தமர்" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். அவள் ஒரு கோணல் சுரத்தை இழுத்துவிட்டால் போதும், "அடப் பாவி, இவன் களவாணிப் பயலுல்ல!" என்று முன்வரிசையிலேயே பேச்சு எழும். உடனே நானும் என் உத்தமரைக் களவாணியாக்க வேண்டிவரும்.

ஒரு தடவை ஆத்திரம் தாங்காமல் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். "கத சொல்றது நானா, நீயா?" அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலம் ராஜகுமாரி அழுகிற இடம். நான் குரலை நடுங்கவிட்டு, "ஐயோ என் தெய்வமே" என்று ஆரம்பித்தேன். பெட்டியில் ஊஞ்சல் பாட்டு! கல்யாண வீட்டு ஊஞ்சல் பாட்டு! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளும் அதே. அதற்கடுத்த ஊரிலும் அதே. கடைசியில் அவள் காலடியில் ஒரு கவுளி வெற்றிலையைக் கொண்டுபோய் வைத்தேன். எடுத்துக்கொண்டாள். சிரிக்கக்கூட இல்லை.

"ஏலே, ஆத்திரத்த ஆறப்போடக் கூடாது. ஆறுனா மேல ஆடை படிஞ்சிரும். பாக்குறவன் பாலுதான்னு நெனச்சுக் குடிச்சிட்டுப் போயிருவான்."

அவள் பேச்செல்லாம் இப்படித்தான். சாயல்குடியில் ஒரு காபிக் கடைக்காரன், "கூத்தாடிகளுக்குக் கடைசியில குடுத்தாப் போதும்" என்று அவளைக் காக்க வைத்தான். அவன் "சூடே... சூடே" என்று மூக்கால் கூவி விற்பவன். அன்றைக்குத் திரையில் ஒரு கழுதை வந்தது. கழுதை வாயைத் திறந்ததும் பெட்டி "சூடே... சூடே" என்றது. மறுநாள் காலையில் அந்த ஆள் தானே தூக்குவாளியோடு வந்து நின்றான். நாங்கள் எல்லோரும் குடித்தோம். அக்கா தொடவில்லை. ஒருத்தர்மேல் கறுவம் வைத்துவிட்டால் அவர் கைத் தண்ணீரைக்கூடக் குடிக்கமாட்டாள்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது வேறு.

கமுதிப் பக்கம் ஓர் ஊர். அதன் பேரையும் சொல்லப்போவதில்லை, அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். அங்கே ஒரு பண்ணையார். ஜமீன் எல்லாம் போயாச்சு என்று பேப்பரில் வந்தது, அவர் வாசலுக்கு மட்டும் அந்தப் பேப்பர் வரவில்லை. தான் வருவது ஊருக்குத் தெரியவேண்டும் என்று சொல்லித் தைத்து வாங்கிய செருப்புப் போட்டிருப்பார். எட்டு வைத்தால் கிறீச், கிறீச். கூடவே வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, டொக். அப்புறம் ஒரு கனைப்பு. இந்தச் சத்தம் தெரு முக்கில் கேட்டதுமே உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிட வேண்டும், தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு வந்துவிட வேண்டும். குருடனாக இருந்தாலும் அந்த ஊரில் மரியாதை தப்பாது.

அக்காவும் அவள் தம்பியும் முன்பு ஒரு நாடகத்துக்காக அங்கே போயிருந்தார்கள். தம்பி மிருதங்கம். நாடகம் முடிந்த காலையில் பண்ணையார் வீட்டில் ஒரு சங்கிலியைக் காணோம். வெளியூர்க்காரன், சின்ன வயசு, கேட்பாரில்லை, வேறு யாரைச் சொல்வார்கள்? புளிய மரத்தில் கட்டினார்கள். "வாசிக்கிற கைதானே எடுத்துச்சு?" என்று சொல்லிச் சொல்லிப் பண்ணையாரே தன் கைத்தடியால் அவன் விரல்களில் போட்டாராம். அக்கா அவர் காலில் விழுந்து கிடந்தாளாம். பிறகு அவன் செருப்பை அவன் கையிலேயே கொடுத்து, ஊரைத் தாண்டும்வரை தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சங்கிலி கிடைத்தது. எங்கே? அவர்கள் வீட்டிலேயே, மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டியபோது உள்ளேயிருந்து விழுந்தது. ஊருக்கே தெரியும். ஆனால் பண்ணையார் வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லாதவரை ஊரும் சொல்லாது. அதனால் தம்பி களவாணியாகவே இருந்தான். விரல்கள் நண்டுக்கால் மாதிரி வளைந்துபோய் மாரியூரில் ஒரு குடிசையில் இருந்தான். காயப்போட்ட வலைகளுக்குக் காவல் இருப்பான். வலையில் ஒரு கண்ணி அறுந்தாலும் "சங்கிலிக்காரனக் கேளு" என்று கேலி பேசினார்கள். பெண் கொடுக்கவும் யாருமில்லை.

"விட்டுரு அக்கா. சங்கிலி கெடைச்சதே போதும்" என்பான் தம்பி.

"எது போதும்? நீ எடுக்கலன்னு அந்தாளு வாயால, அந்த ஊருக்குள்ள வச்சுச் சொல்லணும். அதுக்கு முன்னாடி எனக்குச் சாவு வந்தாலும் திருப்பி அனுப்பிருவேன்."

உத்தரகோசமங்கைக்குப் படம் போடப் போனபோது நான் சொன்னேன், "ஒரு காச வெட்டிப் போட்டுட்டு வாயேன்க்கா. சாமி பாத்துக்கிரும்." அநியாயம் பண்ணினவன் விளங்காமல் போகட்டும் என்று சாமி முன்னால் காசை வெட்டிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாமிக்கு ஆயிரம் சோலி. எங்கிட்டத்தான் பெட்டி இருக்குல்ல."

பெட்டியை வைத்து அவள் செய்தது இதுதான். திரையில் மந்திரி நடந்து வரும்போதெல்லாம் பண்ணையாரை நடக்கவிட்டாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டை ஒன்றாக அமுக்கினால் கிறீச், கிறீச். பெட்டியின் பலகையில் விரல் முட்டியால் ஒரு டொக். அடிக்கட்டையில் ஓர் இழுப்பு, அதுதான் கனைப்பு. கேட்க எவ்வளவு எளிது! ஒரு தடவை கேட்டவன் மறக்கமாட்டான். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் அதைக் கேட்டது. குப்பம் குப்பமாகக் கேட்டார்கள். அது யார் நடை என்று அவள் சொல்லவே இல்லை. கமுதிப் பக்கத்து மிளகாய் வியாபாரிகள் கேட்டுவிட்டு அவர்களே கண்டுபிடித்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நாளில், கடலோரத்தில் எவனாவது அளவுக்கு மேல் அதிகாரம் பண்ணினால் பின்னாலிருந்து ஒருத்தன் "கிறீச் கிறீச்" என்பான். அதோடு அவன் அதிகாரம் முடிந்தது.

மரைக்காயர்தான் பயந்துபோய் வந்து கெஞ்சினார். "தங்கச்சி, அல்லாவுக்காகச் சொல்றேன், அந்த மெட்ட மாத்திரு. அவுக காதுல விழுந்துச்சு, நம்மள உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாக."

"விழணும்னுதானே மொதலாளி வாசிக்கிறேன்" என்றாள்.

விழுந்தது. ஆனால் விழுந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. ஒருநாள் பண்ணையாரின் கணக்கப்பிள்ளை எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். மரைக்காயர் முகம் வெளுத்துவிட்டது. வந்தவரோ கும்பிடு போட்டார்.

"எங்க அய்யா நடைக்குன்னே தனியா ஒரு மெட்டுப் போட்டு வாசிக்கிறீகளாமே? கடக்கர பூராம் அதே பேச்சாம். அய்யாவுக்கு ரொம்பச் சந்தோசம். நம்ம ஊர்ல அம்மனுக்குப் பொங்கல் சாட்டியிருக்கு. வந்து அங்கன வாசிக்கணும்னு உத்தரவு."

நாடகம் பார்த்துப் பார்த்து வளர்ந்த மனுஷர். ராஜா வேஷக்காரன் மேடைக்கு வரும்போது அவனுக்கென்று பெட்டியில் ஒரு மெட்டு வாசிப்பார்கள், சேவகனுக்கு வாசிப்பார்களா? தனக்கும் ஒரு மெட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் குளிர்ந்துபோனார். அது யாருக்கு வாசிக்கிற மெட்டு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்குத் தைரியம் உண்டு? கணக்கப்பிள்ளையும் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கியிருக்கிறார். அதிகாரம் பண்ணுகிறவன் காதுக்கு எந்தச் சேதிதான் முழுசாய்ப் போய்ச் சேர்ந்தது?

"வாரோம்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. மரைக்காயர் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டாள்.

தம்பியையும் கூட்டிவந்தாள். அவன் வரமாட்டேன் என்றான். "இடுப்பு வலி தாங்கலலே, பெட்டியத் தூக்க ஆளில்ல" என்று பொய் சொல்லி இழுத்துவந்தாள். வண்டி அந்தப் புளிய மரத்தைத் தாண்டியபோது அவன் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டான். எங்களைப் பார்க்க வந்த ஊர்க்காரர்களில் அவனை அடையாளம் கண்டவர்கள் இருந்தார்கள். கண்டவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

பொழுது இறங்கியதும் அம்மன் கோயில் பொட்டலில் திரை கட்டினோம். சுத்துப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் மண்ணில் உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அவர் வந்து உட்காராமல் படம் ஆரம்பிக்கக் கூடாது. தெரு முக்கில் கிறீச் என்றதும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. கணக்கப்பிள்ளை அக்காவைப் பார்த்துக் கையைக் காட்டினார். அக்கா வாசித்தாள். ஆகா, என்ன வாசிப்பு! செருப்புக்குச் செருப்பு, தடிக்குத் தடி. மனுஷர் அதற்கு ஏற்றாற்போல நிதானமாக எட்டு வைத்து வந்தார். பாதியில் நின்று அக்காவைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார். அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அடித்தவனுக்கு எப்போது ஞாபகம் இருந்திருக்கிறது!

கூட்டத்தில் கடலோரம் போய்வந்தவர்களுக்கு மெட்டுத் தெரியும். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தகரத்தால் மூடி மறைத்தோம். படம் ஓடியது. கிழட்டு ராஜா வந்தார், போனார். அப்புறம் மந்திரி. கிறீச், கிறீச், டொக், ஹ்ம்ம். பண்ணையார் நாற்காலியில் நிமிர்ந்தார். இது தனக்கு இரண்டாவது மரியாதை என்றுதான் நினைத்திருப்பார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "இவன்தான் மந்திரி. ராஜ்யத்தில் இவனைப்போல் பொய்யன் கிடையாது." மந்திரி வாலிபனைத் தூணில் கட்டினான். கிறீச், கிறீச். சாட்டையை எடுத்தான். டொக். ஒவ்வோர் அடிக்கும் பெட்டிப் பலகையில் டொக், டொக் என்று போட்டாள் அக்கா. பக்கத்தில் தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

நாற்காலி ஆடியது. மனுஷருக்குப் புரிந்துவிட்டது.

திரையில் மந்திரி திரும்பி நடந்தான். அப்போது அக்கா பெட்டியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மெஷின் சுற்றுகிற கரகரப்பு மட்டும் கேட்டது. மந்திரி சத்தமில்லாமல் ஓர் எட்டு வைத்தான். பெண்கள் பக்கமிருந்து யாரோ ஒருத்தி மெதுவாக, "கிறீச், கிறீச்" என்றாள். எங்கிருந்தோ ஒருத்தன் நாக்கால் "டொக்" என்றான். அப்புறம் பொட்டல் பூராவும்! வெளியூர்க்காரன், உள்ளூர்க்காரன், அவர் நிலத்தில் உழுகிறவன், அவர் வீட்டில் சாணி அள்ளுகிறவள், எல்லோரும் இருட்டில் வாயாலேயே அவரை நடக்கவிட்டார்கள். நடுநடுவே சிரிப்பு. எத்தனை வருஷம் எழுந்து நின்ற சனம்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ரீல் முடிந்தது. எங்களிடம் ஒரே மெஷின், அடுத்த ரீலை மாட்டும்வரை பெட்ரோமாக்ஸ் மேலிருக்கும் தகரத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். வெளிச்சம் நேரே அவர்மேல் விழுந்தது.

போய்விடலாம் என்றுதான் எழுந்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். கிறீச். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அப்படியே நின்றார். அடுத்த காலைத் தூக்கவில்லை. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் ஓரத்தில் நின்றார்கள், அதில் ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். மனுஷர் மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. சொந்த ஊரில், சொந்தக் கோயில் பொட்டலில்!

அக்கா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்கய்யா, போகலையா? சத்தம் கேக்கக் கூடாதுன்னா செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நடங்க. எந்தம்பிய அப்பிடித்தான் நடக்க விட்டீக. இல்லையா, சங்கிலி எங்க கெடைச்சதுன்னு இங்கன சொல்லிட்டு, செருப்பப் போட்டுக்கிட்டே போங்க. ஒருத்தரும் சிரிக்க மாட்டாக. நான் பாத்துக்கிர்றேன்."

அப்போதுதான் அவளை அவருக்குத் தெரிந்தது. பார்வை அவளைத் தாண்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் தலையில் துண்டோடு இருந்தவன்மேல் போனது. நான் எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்லதான் கெடைச்சது" என்றார், வாய்க்குள்ளேயே.

"கடைசியில இருக்கவுகளுக்குக் கேக்கல."

"வீட்லயே கெடைச்சிருச்சு! அவன் எடுக்கல!"

"எவன்?"

"ஒந்தம்பி. ஒந்தம்பி எடுக்கல!"

அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். "கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு தாயி" என்று பொட்டல் மொத்தமும் பதில் சொன்னது. யாரோ ஒரு பெரியவர் அழுதார். அக்கா விலகி வழிவிட்டாள். பண்ணையார் எழுந்து நடந்தார். கிறீச், கிறீச். அவள் வாக்குக் கொடுத்தபடியே ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் எழுந்திருக்கவும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி மட்டும் எழுந்தான். சத்தம் பக்கத்தில் வந்ததும் சட்டென்று எழுந்து, தலையில் கிடந்த துண்டை அந்த வளைந்த விரல்களால் இழுத்து இடுப்பில் செருகி, அவர் தாண்டிப்போகும்வரை குனிந்து நின்றான். தான் நிற்பது அவனுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அக்கா பார்த்தாள்.

பிறகு ஊர்க்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள், பானகம் கொடுத்தார்கள், தோளில் மாலைகூடப் போட்டார்கள். திரும்பும்போது வண்டியில் அவன் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். மரைக்காயர் ஏதோ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் பெரிய பாரம் இறங்கியது. அக்கா மட்டும் அவன் இடுப்பில் செருகிய துண்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த படம் மாரியூரில். கடற்கரையில் சனம் நிறைந்திருந்தது. மந்திரி வரும் கட்டம் வந்தபோது, இனி என்ன மெட்டுப் போடுவாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். கிறீச், கிறீச், டொக். முன்பு இவ்வளவு அழுத்தி அவள் வாசித்ததில்லை. பலகை உடைந்துவிடும் போலிருந்தது. ரீல் மாற்றும்போது பொறுக்கமுடியாமல் போய்க் கேட்டேன்.

"அதான் சொல்லிட்டாருல்லக்கா? ஊரறியச் சொல்லிட்டாரே. இன்னும் எதுக்கு?"

அவள் பெட்டியின் துருத்தியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொன்னாருலே, நானுந்தான் கேட்டேன். சத்தம் கேட்டதும் எந்தம்பி எந்திரிச்சு நின்னானே, பாத்தியா? அத அவன் ஒடம்புலருந்து எவன் எடுத்துத் தருவான்? எடுத்துத் தார வரைக்கும் மந்திரி நடக்கட்டும்."